நந்தம்பாக்கம் வர்த்தக மையம்: கண்காட்சிக்கு முந்தைய இரவு

அனைவருக்கும் வணக்கம். கத்திப்பாராவிலிருந்து போரூர் நோக்கிச் செல்லும் மவுண்ட் – பூந்தமல்லி சாலையில், நந்தம்பாக்கத்தில் உள்ள சென்னை வர்த்தக மையத்தின் வாசலில் நின்று பேசுகிறேன். இந்திய வர்த்தக மேம்பாட்டு அமைப்பும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் கூட்டாக உருவாக்கிய நிறுவனம் 2001 முதல் இதை நடத்தி வருகிறது. 2023-இல், 300 கோடி ரூபாய்க்கும் மேலான செலவில் எழுந்த புதிய அரங்குகள் திறக்கப்பட்டன.

கண்காட்சி நாளில் இங்கே படம் பிடித்த காணொலிகள் ஏராளமாக உள்ளன. ஆனால், இந்த இடம் எதற்காகக் கட்டப்பட்டது என்பது அதற்கு முந்தைய இரவில்தான் புரியும் என்பேன். காணொலி எடுக்க வருவதற்கு முன், ஸ்டால் அமைக்கும் குழு ஒன்றில் நான் உதவியாளராக இருந்தேன். ஆகவே கொஞ்சம் பாரபட்சத்தோடுதான் பேசுகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமான அய்மா, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இங்கே நடத்தும் ஆக்மி போன்ற இயந்திரக் கண்காட்சியை எடுத்துக்கொள்வோம். டன் கணக்கில் எடையுள்ள, லேத் எனப்படும் கடைசல் இயந்திரங்கள் முதலில் உள்ளே வர வேண்டும். அவற்றிலும் வாசலிலிருந்து மிகத் தொலைவில் நிற்கப்போவது முதலில் வர வேண்டும். அதன் பிறகே ஸ்டாலின் தடுப்புச் சுவர்களான பேனல்கள் எழும்பும், மின்கம்பிகள் இழுக்கப்படும், விளக்குகள் மாட்டப்படும். கார்பெட் எல்லாவற்றிற்கும் கடைசி. விரித்த கையோடு அதன் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிடுவோம். காலையில் கதவு திறப்பதற்குச் சற்று முன்பு அதைச் சர்ரென்று உரித்தெடுக்கும்போதுதான், பசையும் மரத்தூளும் மணக்கும் அந்தக் களேபரம் கண்காட்சியாக மாறும்.

ஒருமுறை நாங்கள் அமைத்த ஸ்டாலுக்கு உரிய இயந்திரத்தை ஏற்றி வந்த லாரி, நள்ளிரவு தாண்டி வந்து சேர்ந்தது. அதற்குள் வழி நெடுகிலும் பக்கத்து ஸ்டால்கள் எழுந்துவிட்டதால் பாரம் தூக்கும் வண்டியான ஃபோர்க்லிஃப்ட் திரும்ப இடமில்லை. மூன்று ஸ்டால்காரர்களிடம் கெஞ்சி, அவர்களின் பேனல்களைக் கழற்றி, இயந்திரம் உள்ளே போனதும் அவற்றை நாங்களே மீண்டும் பூட்டிக் கொடுத்தோம். அரங்கின் நடுவே தூண்கள் இல்லாமல் கட்டுவது ஏன் என்பதை அன்று எனக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படி எதையும் ஏற்கக்கூடிய வெற்றிடமாக இருப்பதால்தான், 2020-இல் கொரோனா பரவியபோது ஸ்டால்கள் நிற்க வேண்டிய இதே வளாகத்தில் நோயாளிகளுக்கான படுக்கைகளை வரிசையாகப் போட முடிந்தது. 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில், 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கான புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தானதும் இங்கேதான்.

குறை சொல்ல வேண்டுமென்றால் சாலையைத்தான் சொல்வேன். பெரிய கண்காட்சி நடக்கும் நாளில், ஏற்கெனவே நெரிசல் மிகுந்த இந்தச் சாலையில் வாகனங்கள் அங்குலம் அங்குலமாக நகரும். மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ தடத்தில் வர்த்தக மையத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் திட்டமிடப்பட்டுள்ளது. ஆனால் கடைசல் இயந்திரம் மெட்ரோவில் வராது என்பதால், லாரிக்காரர்களுக்கு அதனால் நேரடிப் பயன் ஏதுமில்லை.

இதோ, பேனல் ஏற்றிய மினி லாரி ஒன்று வளாகத்துக்குள் திரும்புகிறது. பின்னால் கட்டியிருக்கும் கார்பெட் சுருள்களைப் பாருங்கள். அவற்றை இறக்க இன்னும் வெகுநேரம் ஆகும்.