நெகட்டிவோடு நின்றுவிடலாமா?

(பிலிம் புகைப்பட ஆர்வலர்களின் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

உள்ளே வந்ததும் அந்த நீள மேஜைதான் கண்ணில் பட்டது. ரேஞ்ச்ஃபைண்டர், இரட்டை லென்ஸ் கேமரா, மடக்குக் கேமரா என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறீர்கள். பரணில் கிடந்ததைத் தூசி தட்டி, பழுது நீக்கி, மறுபடி ஓட வைத்திருக்கிறீர்கள். அது பெரிய காரியம். ஆனால் நான் அந்த மேஜையில் தேடியது தாளில் போட்ட பிரிண்டை. இரண்டு மூன்றுதான் தென்பட்டன. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இப்போது நம்மில் பலரும் செய்வது இதுதான். ரோலை எடுத்து முடிக்கிறோம், லேபில் கொடுத்துக் கழுவுகிறோம், ஸ்கேன் வந்ததும் போனில் பார்க்கிறோம், நெகட்டிவை உறையில் போட்டு மூடிவிடுகிறோம். சிலர் நெகட்டிவைத் திரும்ப வாங்கவே போவதில்லை. அதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. ஸ்கேன் செய்வதில் தப்பே இல்லை, நானும் செய்கிறேன். ஆனால் நெகட்டிவ் பிறந்ததே பிரிண்ட் போடத்தான். 1841-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபாக்ஸ் டால்பட் காப்புரிமை பெற்ற கலோடைப் என்ற புகைப்பட முறையின் பலமே அதில்தான் இருந்தது. அதே காலத்து டாகரோடைப்பில் ஒரு முறை எடுத்தால் ஒரே ஒரு தகடு, அவ்வளவுதான். டால்பட்டின் காகித நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம்.

அந்த நெகட்டிவுக்கு எவ்வளவு பொறுமை என்று பாருங்கள். பிலிமின் ஜெலட்டினுக்குள் சில்வர் ஹாலைடு படிகங்கள் இருக்கின்றன. வெளிச்சம் பட்ட படிகத்தில் ஒருசில வெள்ளி அணுக்கள் சேர்ந்து ஒரு நுண்புள்ளியாகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளிதான் படம். டெவலப்பர் என்ற ரசாயனக் கரைசல் புள்ளி விழுந்த படிகங்களைப் பிடித்து முழு வெள்ளியாக மாற்றுகிறது. டெவலப்பர் வரும்வரை புள்ளி காத்திருக்கும். 1897-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆந்த்ரே இரண்டு பேருடன் பலூனில் வடதுருவம் நோக்கிக் கிளம்பினார். மூவரும் திரும்பவில்லை. 1930-இல்தான் ஆர்க்டிக் தீவு ஒன்றில் அவர்களுடைய முகாம் அகப்பட்டது, கூடவே பிலிமும். ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் அதைக் கழுவி, சுமார் 240 பிரேம்களில் 93-ஐ மீட்டெடுத்தார். பனியில் சரிந்து கிடக்கும் பலூனும், அதைப் பார்த்தபடி நிற்கும் இரண்டு பேரும் 33 வருடம் கழித்து வெளியே வந்தார்கள்.

இனி இருட்டறைக்கு வருவோம். அந்தப் பேரைக் கேட்டாலே பலருக்கு மலைப்பு. வெளிச்சம் புகாமல் அடைக்க முடிந்த ஒரு குளியலறை போதும். நெகட்டிவைத் தாளின் மேல் பெரிதாக விழச் செய்யும் என்லார்ஜர் ஒன்று, ரசாயனம் ஊற்ற ட்ரே மூன்று, சிவப்பு விளக்கு ஒன்று. கறுப்பு வெள்ளைத் தாளைச் சிவப்பு வெளிச்சம் பாதிக்காது, அதனால் கண்ணால் பார்த்தே வேலை செய்யலாம்.

தாளில் ஒரு துண்டு வெட்டி, அட்டையால் மூடி, என்லார்ஜர் வெளிச்சத்தில் அட்டையை மூன்று மூன்று விநாடியாக நகர்த்தி டெஸ்ட் ஸ்ட்ரிப், அதாவது சோதனைத் துண்டு போடுங்கள். டெவலப்பரில் போட்டால் பட்டை பட்டையாக எழும்பும். படத்தில் இருப்பவர் வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பட்டையில் சட்டையின் மடிப்பும் நெசவும் தெரியத் தொடங்குகிறதோ, அதுதான் உங்கள் நேரம். கறுப்பு போதவில்லை என்றால் நேரத்தைக் கூட்டாதீர்கள், சட்டை அழுக்காகிவிடும். கறுப்பு வெள்ளை வித்தியாசத்தைக் கூட்டிக் குறைக்கும் என்லார்ஜர் ஃபில்டரை 2-இலிருந்து 3-க்கு மாற்றிப் பாருங்கள். அவருக்குப் பின்னால் ஜன்னல் மட்டும் வெளுத்து நிற்கிறதா? அட்டையில் ஒரு துளை போட்டு, அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுங்கள். அட்டை அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் விளிம்பு கோடாக விழுந்துவிடும்.

இந்த இடத்தில்தான் படம் உங்களுடையதாகிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் ஹெர்னாண்டஸ் என்ற ஊரின் மேல் நிலா எழுவதை எடுத்தார். ஒரே நெகட்டிவ். அதைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப பிரிண்ட் போட்டார். ஆரம்பகால பிரிண்ட்களில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும், பிற்காலத்தில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. நெகட்டிவ் அதேதான், அவர் மாறிவிட்டார். ஸ்கேன் செய்த கோப்பை ஒரு முறை சரிசெய்து விட்டுவிடும் நாம், நம் பழைய நெகட்டிவிடம் மறுபடி போவதே இல்லை.

சரி, இதை வீட்டில் தனியாகச் செய்யலாமே, கூட்டம் எதற்கு? இந்த வேலையில் பாதி கையில்தான் இருக்கிறது. கழுவுவதற்காகப் பிலிமைச் சுற்றும் பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் இருந்தாலும் பிலிம் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். பிலிமின் முனையில் இரண்டு மூலையையும் லேசாக வளைத்து வெட்டிவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் தாளில் போட்ட பிரிண்ட் ஈரத்தில் பளிச்சென்று இருக்கும், காய்ந்ததும் ஒரு படி மங்கும். அதனால் அனுபவசாலிகள் நேரத்தைக் கொஞ்சம் குறைத்தே போடுவார்கள். எவ்வளவு குறைப்பது என்பதை, ஈரப் பிரிண்டையும் காய்ந்த பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். படித்துப் புரிய வெகுநாளாகும்.

இன்னொரு காரணமும் உண்டு. ட்ரேயில் ஊற்றிய டெவலப்பர் காற்றுப் பட்டு ஒரே நாளில் கெட்டுவிடும். ஒருவர் நான்கு பிரிண்ட் போட்டாலும், எட்டுப் பேர் சேர்ந்து நாற்பது போட்டாலும் ஊற்றுவது அதே அளவுதான். படத்தை நிலைக்க வைக்கும் ரசாயனம் ஃபிக்ஸர். தீர்ந்த ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கிறது, அதைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. எல்லோருடையதையும் ஒரே கேனில் சேர்த்தால், வெள்ளி பிரித்தெடுப்பவரிடம் கொடுப்பது சுலபம்.

கோடாக்ரோமுக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். 1935-இல் வந்த அருமையான கலர் பிலிம். அதற்குச் சாயம் பிலிமுக்குள் கிடையாது. கழுவும்போதுதான் ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனி டெவலப்பரில் நிறம் ஏற்ற வேண்டும். பெரிய இயந்திரம் இல்லாமல் நடக்காது. 2009-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். கடைசியாக மிஞ்சிய லேப், அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் ஊரில் இருந்தது. 2010 டிசம்பர் 30-க்குப் பிறகு அவர்களும் ரோல் வாங்கவில்லை. இன்று உங்களிடம் கழுவாத கோடாக்ரோம் இருந்தால், கறுப்பு வெள்ளையாகக் கழுவலாம். அதன் நிறம் போனது போனதுதான்.

கறுப்பு வெள்ளைக்கு அந்தக் கதி வர வேண்டியதில்லை. 1927-இல் வந்த டி-76 டெவலப்பரின் செய்முறை எல்லோருக்கும் திறந்தது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். தராசும் வெந்நீரும் இருந்தால் நாமே கலக்கலாம். எந்தக் கம்பெனி மூடினாலும் இதை நம்மிடமிருந்து பறிக்க முடியாது, தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்வரை. நம் சந்திப்புகளில் எந்த லென்ஸ் கூர்மை, எது என்ன விலைக்குப் போகிறது என்றே பேச்சு ஓடிவிடுவது எனக்கு வருத்தம். அதில் பாதி நேரத்தையாவது ட்ரேக்கு முன்னால் செலவிடுவோம்.

அதனால் என் வேண்டுகோள் இது. அடுத்த சந்திப்பை இருட்டறையில் வைப்போம். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரு நெகட்டிவைக் கொண்டு வாருங்கள், ஆனால் அதை நீங்கள் போடக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் எதை இருட்டாக்குகிறார், எதற்கு வெளிச்சம் கொடுக்கிறார் என்று கூடவே நின்று பாருங்கள். பிறகு அவருடையதை நீங்கள் போடுங்கள். இதுவரை பிலிமே தொடாதவர்கள் வந்தால், தகர டப்பாவில் ஊசித் துளை போட்டு உள்ளே பிரிண்ட் தாளை ஒட்டிக் கொடுப்போம். வெயிலில் வைத்து எடுத்து, அதே ட்ரேயில் கழுவி, காய்ந்ததும் புதுத் தாளோடு முகத்துக்கு முகம் வைத்து வெளிச்சம் காட்டினால் பாசிட்டிவ் வந்துவிடும். ஏப்ரல் கடைசி ஞாயிறு உலக பின்ஹோல் நாள். அதற்குள் டப்பாக்களைத் தயார் செய்துவிடலாம்.

என்லார்ஜர் தர முடிந்தவர்கள் இன்றே கையைத் தூக்குங்கள், பெயர் எழுதிக்கொள்கிறேன்.