இங்கிலாந்துத் தொடக்கப் பாடசாலையில் அசெம்பிளியும் சமயப் பாடமும்

[காட்சி: பாடசாலை மண்டபம். பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார்கள். முன்மேசையில் ஒரு மெழுகுதிரி எரிகிறது.]

வணக்கம். "இன்றைக்கு அசெம்பிளியில் கண்ணை மூடிக் கும்பிட்டோம்" என்று ஆறு வயதுப் பிள்ளை வீட்டில் வந்து சொல்லும்போது, இங்கிலாந்தில் வாழும் சைவப் பெற்றோர் பலர் திகைத்துப் போகிறார்கள். நேர அட்டவணையில் ஆர்.ஈ. என்ற சமயக் கல்விப் பாடத்தைக் கண்டதும் அந்தத் திகைப்பு இன்னும் கூடுகிறது. இலங்கையில் படித்த நமக்கு, சமயம் என்பது அவரவர் பிறந்த சமயத்தைக் கற்கும் பாடம். அதே கண்ணோடு பார்ப்பதால், இதுவும் பிள்ளையைக் கிறிஸ்தவராக்கும் வகுப்போ என்று அஞ்சுகிறோம். உண்மையில் அசெம்பிளி என்ற பாடசாலைக் கூட்டத்தில் நடக்கும் வழிபாடும் ஆர்.ஈ. பாடமும் சட்டத்தின் முன் வெவ்வேறானவை.

[காட்சி: திரையில் 1944, 1988, 1998 என்ற ஆண்டுகள்.]

நாள்தோறும் கூட்டு வழிபாடு நடத்த வேண்டும் என்ற கடமையைப் பாடசாலைகள் மீது சுமத்தியது 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். அந்த வழிபாடு முழுமையாகவோ பெரும்பாலுமோ பரந்த கிறிஸ்தவத் தன்மை உடையதாக இருக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1998ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் ஒவ்வொரு நாளும் அப்படியே அமைய வேண்டியதில்லை. ஒரு தவணையில் நடக்கும் வழிபாடுகளில் பெரும்பாலானவை அத்தன்மையுடன் இருந்தால் போதும். கிறிஸ்தவம் அல்லாத குடும்பங்கள் மிகுந்த பாடசாலையின் அதிபர், சமயக் கல்விக்கான உள்ளூர் ஆலோசனை மன்றத்திடம் விண்ணப்பித்து, அந்தக் கிறிஸ்தவத் தன்மையிலிருந்து விலக்குப் பெறலாம். விலக்குக் கிடைத்தாலும் வழிபாடு நிற்பதில்லை, அதன் தன்மைதான் மாறுகிறது.

ஆர்.ஈ. பாடத்தில் யாரும் வழிபடுவதில்லை. உள்ளூராட்சி ஏற்றுக்கொண்ட பாடத்திட்டம் கிறிஸ்தவத்தை முதன்மையாகக் கொண்டிருந்தாலும், நாட்டிலுள்ள மற்ற முக்கிய சமயங்களின் போதனைகளையும் வழக்கங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே நம் பிள்ளையின் வகுப்பில் தீபாவளியும் வரும், ரமழான் நோன்பும் வரும். இந்து சமயம் என்றால் இராமர், சீதை கதை என்ற அளவிலேயே அந்தப் பாடம் பல இடங்களில் நின்றுவிடுவது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. முருகனையும் தேவாரத்தையும் நவராத்திரிக் கொலுவையும் ஆசிரியரிடம் எடுத்துச் சொல்லப் பெற்றோரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

[காட்சி: தேவாலயத்தை ஒட்டிய சிறு பாடசாலை.]

இங்கிலாந்தின் அரச நிதி பெறும் தொடக்கப் பாடசாலைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது. அங்கே வழிபாடு திருச்சபையின் மரபுப்படி நடக்கும். வாலண்டரி எய்டட் வகைப் பாடசாலையில் ஆர்.ஈ. பாடமும் பொதுவாக அவ்வாறே அமையும். வாலண்டரி கண்ட்ரோல்ட் வகையில் பொதுவாக உள்ளூர்ப் பாடத்திட்டமே கற்பிக்கப்படும். அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே இந்த வேறுபாட்டைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். பின்னர் எழும் மனக்கசப்புகளில் பெரும்பகுதி, கேட்காமல் விட்டதனால் வருபவை.

[காட்சி: மேசையில் ஒரு வெற்றுத்தாளும் பேனாவும்.]

1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 71ஆவது பிரிவு, பிள்ளையை வழிபாட்டிலிருந்தோ ஆர்.ஈ. பாடத்திலிருந்தோ முழுமையாகவோ பகுதியாகவோ விலக்கிக்கொள்ளும் உரிமையைப் பெற்றோருக்கு அளிக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. விலகிய பிள்ளையைப் பாடசாலையே பாதுகாப்பாகக் கண்காணிக்க வேண்டும். எனினும், வரலாற்றுப் பாடத்தில் ஒரு மடாலயத்தைப் பற்றிய பேச்சு வந்தால் அதற்கு இந்த உரிமை பொருந்தாது.

ஆர்.ஈ. பாடத்திலிருந்து பிள்ளையை விலக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள், ஏனெனில் தன் சமயத்தைப் பற்றித் தோழர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பிள்ளை விடை சொல்லிப் பழகும் இடம் அந்த வகுப்புத்தான். வழிபாட்டைப் பற்றிய முடிவு உங்களுடையது. அதற்கான கடிதத்தை எழுதுவதற்கு முன், ஒரு நாள் மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்து அசெம்பிளியைப் பார்க்க அதிபரிடம் அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் உண்மையில் என்ன பாடுகிறார்கள், யாரை நோக்கிக் கைகூப்புகிறார்கள், கண்ணை மூட விரும்பாத பிள்ளையை ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்பவற்றை நேரில் பார்த்த பிறகு பேனாவை எடுங்கள்.