பல் கிளீனிங்ல காது போயிடுமா? 150 ரூபா ஸ்பாஞ்சு மேட்டர்

வணக்கம் மக்களே. ராயபுரத்துல இருந்து ஒரு அண்ணன் பில்லு அனுப்பிக்கிறாரு. கிளீனிங் 1,200. சரி. கீழ இன்னொரு வரி, "காது பாதுகாப்பு 150". இன்னான்னு பாத்தா காதுல சொருகுற ரெண்டு மஞ்ச ஸ்பாஞ்சு! நம்ம பாரிஸ் கார்னர்ல ஜோடி இருபது ரூபா. நூத்தம்பதாம்! ரேட்டு கூட போவட்டும், இந்த வேலைக்கு அது பெருசா உதவாது. அதான் கடுப்பு.

ஸ்கேலர்னா பல்லுல ஒட்டுன காரைய அதிர்வால எடுக்குற மிஷின். அதோட முனை செகண்டுக்கு சுமார் 25,000, 30,000 தடவ ஆடுது. நமக்கு 20,000க்கு மேல கேக்காது. அப்போ அந்த "கீ..." எங்கேர்ந்து? முனை பல்லுல தட்டுறது, தண்ணி, எச்சில் உறிஞ்சுற குழாய். தட்டுற அதிர்வு பல்லு, எலும்பு வழியா உள்காதுக்கே போய்டுது. ஸ்பாஞ்சு தடுக்குறது காத்து வழியா வர்ற சத்தத்த மட்டும் தான். காத அடைச்சா எலும்பு வழி சத்தம் இன்னும் கனமா கேக்கும். இப்பவே ரெண்டு காதையும் மூடிகினு பேசிப் பாருங்க.

அரை மணி நேர கிளீனிங்ல காது போவாது பா. சிலருக்கு கொஞ்ச நேரம் "ங்கொய்"னு இரையும், அடங்கிடும். டக்குனு ஒரு காது கேக்கலன்னா மட்டும் அன்னிக்கே இ.என்.டி. டாக்டர பாருங்க. நாள் பூரா மிஷின் பக்கத்துல இருக்குற டாக்டர், அசிஸ்டென்ட்டுக்கு தான் ரிஸ்க்கு ஜாஸ்தி.

மணலி, எண்ணூர் ஃபேக்டரில பிரஸ் மிஷின் ஓட்டி ஏற்கெனவே காது இரையுதா? உக்காரும்போதே சொல்லிடுங்க. பவர் குறைச்சு, நடுவுல நிறுத்தி, கடவாய்ப்பல்லுக்கு மிஷின் இல்லாம கையால சுரண்டுற கை ஸ்கேலர் போடலாம்.

ஆங், முனை மேட்டர விட்டுட்டேன். ஸ்கேலர் முனை எவ்ளோ தேஞ்சிருக்குன்னு பாக்க ஒரு அளவு அட்டை இருக்கு. 1 மில்லிமீட்டர் தேஞ்சா கால்வாசி திறன் காலி, 2 தேஞ்சா பாதி. புதுசு மாத்தாம பவர ஏத்துவாங்க, அது கத்தும். பைசோ மிஷின்னா (முனை நேர்கோட்டுல முன்னும் பின்னும் ஆடுற வகை) முனையோட பக்கவாட்ட பல்லு மேல படுக்க வெச்சு லேசா நகத்தணும். நுனியால குத்துனா சுத்தியல் மாதிரி அடிக்கும்.

காது மிஷின் போட்டவங்க கழட்டி, நனையாம டப்பாவுல வெச்சிடுங்க. இல்லன்னா இந்த சத்தத்தையும் அது பெருசாக்கும். ஆனா கேக்க வேண்டியதெல்லாம் கேட்டுட்டு கழட்டுங்க, அப்புறம் டாக்டர் மாஸ்க்குக்குள்ள பேசுறது புரியாது. கைய தூக்குனா நிறுத்தணும்னு முன்னாடியே பேசிக்கோங்க. இடது கை! வலது பக்கம் பெரும்பாலும் டாக்டர் கை இருக்கும், இடிச்சீங்கன்னா முனை ஈறுல ஏறிடும்.