இடது கை சும்மா இருந்தது

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நான் அறுவை சிகிச்சை படித்த காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாள் கைக்கு வரும். "பரவாயில்லை. இன்னும் நிறையப் படிக்க வேண்டும்" என்று அதில் எழுதியிருக்கும். எதைப் படிக்க வேண்டும்? எந்தத் தையல் சரியாக விழவில்லை? எந்த நோயாளியிடம் எதைக் கேட்க மறந்தேன்? ஒன்றும் இருக்காது. அந்த ஆறு மாதமும் தினம் தினம் என் ஆசிரியர்களின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர்கள் கண்ணில் பட்டதெல்லாம் எனக்கு வந்து சேராமலே போய்விட்டதே என்ற ஆதங்கம் இன்றும் எனக்கு உண்டு.

அதனால்தான் ரெசிடென்ட்டுகளை, அதாவது முதுநிலைப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களை, மதிப்பிடக் கைபேசிச் செயலிகள் வந்தபோது நான் ஆவலோடு வரவேற்றேன்.

வேலை செய்யும் இடத்திலேயே ஒருவரைப் பார்த்து மதிப்பிடும் முறை செயலிகளுக்கு முந்தியது. மினி சி.இ.எக்ஸ் (Mini-CEX) என்று நாங்கள் சொல்லும் முறையை அமெரிக்க மருத்துவக் கல்வி ஆய்வாளர் ஜான் நார்சினியும் அவருடைய சகாக்களும் 1995இல் எழுதி வெளியிட்டார்கள். ரெசிடென்ட் ஒரு நோயாளியைப் பரிசோதிப்பதை ஆசிரியர் பதினைந்து இருபது நிமிடம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். உடனே பேச வேண்டும். நல்ல முறைதான். ஆனால் படிவம் காகிதத்தில் இருந்தது. கோட்டுப் பையில் மடிந்து கிடக்கும். மாதக் கடைசியில் பத்துப் படிவங்களை ஒரே மூச்சில் நிரப்பிக் கையெழுத்துப் போடுவோம். யாருக்கு எது நினைவிருக்கும்?

செயலி இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. அமெரிக்க அறுவை சிகிச்சைப் பயிற்சியில் பயன்படும் சிம்பிள் என்ற செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை முடிந்ததும் ரெசிடென்ட்டும் ஆசிரியரும் தனித்தனியாகத் தங்கள் கைபேசியில் மூன்று கேள்விகளுக்குப் பதில் தருகிறார்கள். கேஸ் எவ்வளவு சிக்கலானது, ரெசிடென்ட் எப்படிச் செய்தார், ஆசிரியர் எவ்வளவு தூரம் கைகொடுக்க வேண்டியிருந்தது. கடைசிக் கேள்விக்கு நான்கு படிகள்: ஆசிரியரே செய்து காட்டினார், கூடவே நின்று வழிநடத்தினார், ரெசிடென்ட் நடத்த ஆசிரியர் உதவியாளராக நின்றார், வெறுமனே மேற்பார்வை பார்த்தார். எழுதச் சோம்பலாக இருந்தால் வாயால் சொல்லிப் பதிவு செய்யலாம். 72 மணி நேரம் கடந்தால் கதவு மூடிவிடும். அந்தக் கெடு எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

ஆனால் நான்கு படிகளில் ஒன்றைத் தொட்டுவிட்டால் கற்பித்துவிட்டதாக ஆகாது. ஒரு நாள் லேப்ராஸ்கோபி, அதாவது சிறு துளை அறுவை, வழியாகப் பித்தப்பையை எடுத்து முடித்த ரெசிடென்ட்டுக்கு நான் "நன்று" என்று போடப் போனேன். விரல் தயங்கியது. பிறகு இப்படிச் சொல்லிப் பதிந்தேன்: "உன் வலது கை அழகாக வேலை செய்தது. இடது கை பெரும்பாலும் சும்மா இருந்தது. அதனால் பித்தப்பையின் கழுத்தை நோயாளியின் வலப்பக்கம் விலக்கி இழுக்கவில்லை. இழுத்திருந்தால் பித்தப்பையின் குழாயும் ரத்தக் குழாயும் இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும்." முப்பது வினாடிகூட ஆகவில்லை. அடுத்த கேஸுக்குக் கை கழுவும்போது அந்தப் பெண் தானாகவே இடது கையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

நெதர்லாந்தின் மருத்துவக் கல்வி அறிஞர் ஒலே டென் காட்டே 2005இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: மதிப்பெண்ணைக் காட்டிலும், "இந்த வேலையை இவரை நம்பி ஒப்படைக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள் என்பது அதன் சாரம். ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டியில் இருப்பவரை நம்பி நான் தூங்கலாமா என்பது எந்த ஆசிரியருக்கும் புரியும். அமெரிக்க அறுவை சிகிச்சை வாரியம் 2023 ஜூலையில் பொது அறுவை சிகிச்சைக்கு இப்படிப் பதினெட்டு வேலைகளை வரையறுத்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரே நாளின் ஒரே பதிவை வைத்து முடிவு கட்டக் கூடாது. பலர், பல நாள், பல கேஸ்களில் பார்த்தது ஒன்றுசேர்ந்தால்தான் ஆளின் உண்மை உருவம் தெரியும். அதற்குக் கைபேசி நல்ல வழி.

சிக்கல்களையும் மறைக்காமல் சொல்கிறேன். வாரத்துக்கு இத்தனை பதிவு கட்டாயம் என்று சொன்ன அன்றே அது கணக்குக் காட்டும் வேலையாகிவிடுகிறது. எல்லோருக்கும் ஐந்துக்கு நான்கு விழும். ரெசிடென்ட்டுகளும் கண்டிப்பான ஆசிரியரை விட்டு மென்மையானவரையே தேடிப் போகிறார்கள், சொதப்பிய கேஸுக்குப் பதிவே கேட்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இன்று நான் மனம் திறந்து சொல்லும் சொல், நாளை பதவி உயர்வுக் கூட்டத்தில் அவருக்கு எதிராக வந்து நிற்கும் என்றால் யார்தான் கேட்பார்கள்? திருத்துவதற்கான பதிவு எது, தீர்ப்புக்கான பதிவு எது என்று முதல் நாளே விளக்கிவிட வேண்டும். நோயாளியின் பெயரோ படமோ அதில் ஏறவே கூடாது.

நான் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அறுவை தொடங்குவதற்கு முன்பே ரெசிடென்ட்டிடம் கேட்டுவிடுகிறேன்: "இன்று உன்னிடம் எதைக் கவனிக்கட்டும்?" பெரும்பாலும் அவர்களே தங்கள் பலவீனத்தைச் சொல்லிவிடுகிறார்கள். முடிந்து கையுறையைக் கழற்றியதும், கோப்பு எழுத உட்காரும் முன், கைபேசியை எடுக்கிறோம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.