நைட் டூட்டியில டாக்டருக்கு போன் போட்டு எப்படிப் பேசுதது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கு. பாளையங்கோட்டையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ். "அக்கா, ராத்திரி டாக்டருக்கு போன் போட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கிடுது. சொல்லி முடிக்கதுக்குள்ள 'இப்ப என்னம்மா வேணும்?'னு எரிஞ்சு விழுதாரு. என் இங்கிலீஷ் சரியில்லன்னா? ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல சேரட்டுமா?"ன்னு கேக்கு.

சேருங்க, நல்லதுதான். ஆனா இந்த நோவுக்கு அது மருந்தில்ல. தமிழ்லயே சொன்னாலும் இதேதான் நடக்கும். அவரு எரிஞ்சு விழுதது தப்பு, அதுல மறுபேச்சே கெடையாது. ஆனா கேட்ட கேள்வி சரியான கேள்விதான்.

நர்சுங்க நாங்க போன்ல பேசுதது எப்படி இருக்கும்னு சர்வீஸ் பூரா பக்கத்துல நின்னு கேட்டவ நான். "சார், சாரி சார், தூங்கிட்டீங்களா சார், பன்னெண்டாம் பெட் தாத்தா இருக்காருல்லா சார், ஆபரேஷன் ஆனவரு, அவரு ஒரு மாதிரி இருக்காரு சார், அவரு மவன் வேற சத்தம் போடுதான் சார்..." இதுல டாக்டர் என்ன செய்யணும்னு எங்கன இருக்கு? வரணுமா, மருந்து சொல்லணுமா, சும்மா தெரிஞ்சுக்கிட்டாப் போதுமா? அத நாம முடிவு பண்ணாமலே நம்பர அழுத்தியாச்சு.

நோயாளி நெலமைய நாலு படியாச் சொல்லுத முறைய எஸ்பார்னு (SBAR) காலேஜ்ல படிச்சிருப்பீங்க. அமெரிக்கக் கடற்படையோட நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை அது. உலக சுகாதார நிறுவனமும் 2007-ல ஹேண்ட் ஓவருக்கு, அதாவது நோயாளிய ஒருத்தர் இன்னொருத்தர் பொறுப்புல ஒப்படைக்கதுக்கு, இதச் சொல்லியிருக்கு. இப்ப என்ன நடக்கு, பின்னணி என்ன, நான் என்ன நெனைக்கேன், நீங்க என்ன செய்யணும். அதே தாத்தாவ இப்படிச் சொல்லிப் பாருங்க: "சார், பன்னெண்டாம் பெட், பிபி 90-க்கு 60, பல்ஸ் 120. நேத்து வயித்து ஆபரேஷன். நாலு மணி நேரத்துல யூரின் 60 மில்லிதான். உள்ள ரத்தம் கசியுதோன்னு சந்தேகப்படுதேன். நீங்க வந்து பாக்கணும் சார். வாரதுக்குள்ள ஹீமோகுளோபினும் கிராஸ் மேட்சும் அனுப்பட்டுமா?" கிராஸ் மேட்ச்னா ரத்தம் ஏத்துததுக்கு முன்னாடி பொருத்தம் பாக்குத டெஸ்ட்டு. இத்தனையும் சொல்ல அர நிமிஷம் ஆகாது. இதுக்கு எரிஞ்சு விழுத டாக்டர் ரொம்பக் கொறவு.

இதெல்லாம் பரீட்சைக்கு எழுதுனதுதான், பெறகு ஏன் வாயில வரமாட்டேங்கு? சொல்லுதேன். அந்த முதல் பேச்சுல எடுத்ததுமே 'சாரி' வருது பாருங்க. அது தாத்தாவுக்காகவா? நாம திட்டு வாங்காம இருக்கதுக்கு. மவன் சத்தம் போட்டது எதுக்கு உள்ள வந்துச்சு? அவன் மேல நமக்கு இருக்க ஆத்திரம். 'ஒரு மாதிரி இருக்காரு' எதுக்கு? நெனைச்சது தப்பாப் போயிட்டா மாட்டிக்கிடக் கூடாதுன்னு. அதனால போன எடுக்கதுக்கு முன்னாடி கேஸ் ஷீட்ட கையில வச்சுக்கிட்டு, எனக்கு இப்ப பயமா, கோவமா, அசதியான்னு உங்களையே ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க. பயம் போவாது. போவணும்னும் இல்ல. எந்த வார்த்தை பயத்துல வருதுன்னு தெரிஞ்சா அத மட்டும் விட்டுரலாம்.

மரியாதையா சுத்தி வளச்சுப் பேசுனா என்ன ஆவும்னு கேட்டா ஒண்ணு சொல்லுவேன். 1990 ஜனவரி 25-ல கொலம்பியாவுல இருந்து நியூயார்க் போன அவியாங்கா விமானம். மேகமூட்டம், நெரிசல், ஒரு மணி நேரத்துக்கு மேல வானத்துலயே சுத்த விட்டுட்டாங்க. எண்ணெய் தீந்துக்கிட்டு வருதுன்னு துணை விமானி கீழ தரையில இருக்க விமானக் கட்டுப்பாட்டுக்காரங்களுக்குச் சொன்னாரு. 'எமர்ஜென்சி'ங்கித வார்த்தையச் சொல்லவே இல்ல. கேப்டன் சொல்லச் சொல்லியும் சொல்லல. எண்ணெய் நெலவரம் சரியாயிருக்கான்னு கீழ இருந்து கேட்டாங்க. சரின்னுதான் நெனைக்கேன், ரொம்ப நன்றின்னு பதில் சொல்லியிருக்காரு. கொஞ்ச நேரத்துல எஞ்சின் நின்னு விழுந்துட்டு. 158 பேர்ல 73 பேர் செத்துப் போனாங்க. கீழ இருந்தவங்களுக்கு அவசரம்னே தட்டுப்படல.

இன்னொன்னு. டாக்டர் போன்ல மருந்து சொன்னா எழுதிட்டு, அவருக்கே திருப்பி வாசிச்சுக் காட்டுங்க. பேரு, அளவு, எத்தன தடவ. ஃபிஃப்டீனா ஃபிஃப்டியான்னு சந்தேகம்னா 'ஒண்ணு அஞ்சா, அஞ்சு சைபரா சார்'னு கேளுங்க. இதக் கேக்க வெக்கப்படாதீங்க.

அட்டெண்டர், ஆயாம்மாகிட்ட நாம எப்படிப் பேசுதோம்ங்கிறது தனிக் கதை. மேல வாங்குன திட்ட அங்கன போயி எறக்குதோம்லா. அத இன்னொரு வீடியோவுல பேசுவோம்.

சரி, இவ்வளவு சொல்லியும் டாக்டர் 'காலையில பாக்கலாம்'னு வச்சுட்டாரு. என்ன செய்ய? இன்னொரு தடவ போன் போடுங்க. "சார், எனக்குக் கவலையா இருக்கு, பிபி இப்ப 84, காலை வரைக்கும் தாங்காதுன்னு நெனைக்கேன்"னு சொல்லுங்க. அதுக்கும் வரலேன்னா டூட்டி டாக்டர், நைட் சூப்பர்வைசர்னு மேல போங்க. கோள் சொல்லுததா ஆயிருமோன்னு யோசிக்காதீங்க. எத்தன மணிக்கு யாருக்குச் சொன்னீங்க, என்ன பதில் வந்துச்சுன்னு நர்சஸ் நோட்ஸ்ல அப்பவே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதுலயும் ஆத்திரத்தக் காட்டாம நடந்தத மட்டும் எழுதுங்க. 'டாக்டர் அலட்சியமாப் பேசினார்'னு எழுதக் கூடாது, 'காலையில் பார்ப்பதாகச் சொன்னார்'னு எழுதணும்.

அடுத்த கேள்வி சங்கரன்கோவில்ல இருந்து வந்திருக்கு...