எழுந்து நின்ற அந்த ஐந்து நொடி

நேயர்களுக்கு வணக்கம். வெகுநேரம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் சில சமயம் கண் லேசாக இருட்டிக்கொண்டு வரும். சில நொடிகளில் தெளிந்துவிடும். எழுந்ததால் ரத்த அழுத்தம் இறங்கியதும் மூளையின் சிறு தமனிகள் விரிந்துகொடுத்து, ரத்த ஓட்டத்தை ஈடுகட்டிவிடுகின்றன. இதற்குத் தன்கட்டுப்பாடு என்று பெயர். இதை எப்படி அளப்பது என்பதில்தான் சிக்கல்.

1959இல் லாசன் என்பவர் பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்து ஒரு வரைபடம் போட்டார். சராசரி அழுத்தம் 60 முதல் 150 மில்லிமீட்டர் பாதரசம் வரை எங்கே இருந்தாலும் ஓட்டம் ஏறக்குறைய மாறாது என்றது அது. பாடப்புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. ஆனால் அதன் புள்ளிகள் வெவ்வேறு ஆட்களிடம் எடுத்தவை. தவிர, நான் சொன்ன அந்தச் சில நொடிகள் அதில் கிடையாது.

நொடிக் கணக்கைப் பிடிக்க, ஒலியலையால் ரத்தத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் கருவி வந்தது. நெற்றிப்பொட்டில், எலும்பு மெல்லிதாக இருக்கும் இடத்தில், கருவியை வைத்து மெல்லச் சாய்த்துத் தேடினால், 'உஷ்... உஷ்' என்று நாடிக்கு நாடி ஓர் இரைச்சல் கேட்கும். மூளையின் நடுத் தமனியில் ஓடும் ரத்தம் அது. 1989இல் ஆஸ்லிட் என்ற ஆய்வாளரின் குழு இதோடு ஒரு தந்திரத்தைச் சேர்த்தது. இரண்டு தொடையிலும் காற்றுப்பட்டையை இறுக்கிக் கட்டி, சில நிமிடம் கழித்துப் படக்கென்று அவிழ்த்தார்கள். அழுத்தம் சரிந்தது, ரத்த வேகமும் சரிந்தது. ஆனால் அழுத்தம் மீள்வதற்கு முன்பே, சில நொடிகளில், வேகம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. எனக்கு இன்றும் பிடித்த சோதனை இதுதான், தொடை வலித்தாலும்.

வலியில்லாத வழியும் உண்டு. சும்மா படுத்திருக்கும்போதே அழுத்தம் அலை அலையாக ஏறி இறங்கும். மெதுவான அலைகளை மூளை அமுக்கிவிடும், வேகமானவற்றை அப்படியே உள்ளே விட்டுவிடும். எது எவ்வளவு கசிகிறது என்று கணக்கிடலாம். ஆனால் இயல்பான அலைகள் சின்னவை, அளவீட்டில் கலக்கும் தாறுமாறான ஏற்ற இறக்கங்களில் தொலைந்துபோகும். அதனால் ஐந்து நொடி குந்து, ஐந்து நொடி நில் என்று மாற்றி மாற்றிச் செய்யவைத்து அலையைப் பெரிதாக்குகிறார்கள்.

சரி, இவையெல்லாம் ஒரே விடை தருமா? பல நேரம் தராது. முதலாவது, டாப்ளர் அளப்பது வேகத்தைத்தான், ஓட்டத்தை அல்ல. தமனியின் விட்டம் மாறினால் கணக்கு பிசகும். ரத்தத்தில் கரியமிலவாயு கூடினால் தன்கட்டுப்பாடே மந்தமாகும். படபடவென்று மூச்சு வாங்கினால் அது சுறுசுறுப்பாகும். அப்புறம், ஒரு சோதனை முறை திடீர்ச் சரிவுக்கு மூளை எப்படி ஈடுகொடுக்கிறது என்று பார்க்கிறது, இன்னொன்று தொடர் அலைக்கு. கேள்வியே வேறு.

தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடப்பவரைக் குந்தி எழச் சொல்ல முடியுமா? அங்கே அழுத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று மணிக்கணக்கில் ஒப்பிட்டு, மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வரை ஓர் எண் தருவார்கள். பிளஸ் 1-ஐ நெருங்கினால் கட்டுப்பாடு தளர்ந்திருக்கிறது. ஆனால் மருந்தால் அழுத்தம் அசையாமல் நிற்கும்போது ஒப்பிட அலையே இருக்காது. திரையில் எண் மட்டும் வந்துகொண்டிருக்கும்.