கீழ்த்தளத்தில் ஒரு கொட்டை ஓடு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

லண்டன் பிரன்ஸ்விக் சதுக்கத்தில் ஃபவுண்ட்லிங் அருங்காட்சியகம் இருக்கிறது. வளர்க்க வழியில்லாமல் பெற்றோர் விட்டுப்போன பிள்ளைகளை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வளர்த்த ஃபவுண்ட்லிங் மருத்துவமனையின் கதையைச் சொல்கிற இடம். பெயர்தான் மருத்துவமனை, உண்மையில் அது குழந்தைகள் இல்லம். அங்கே போய்வருகிறவர் மனத்தில் மேலோங்கி நிற்பது காத்தவர் கருணையா, பிரிந்தவர் பரிதவிப்பா என்பது இன்றைய தலைப்பு. நான் பரிதவிப்பின் பக்கம்.

எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். ஹோகார்த் தீட்டிய ஓவியம் என்றார். நிர்வாகக் குழு கூடிய அறையின் கூரை வேலைப்பாட்டை வர்ணித்தார். இல்லத்துக்கு நிதி திரட்ட 1750 முதல் இசையமைப்பாளர் ஹேண்டல் தம் 'மெசையா' என்ற இசைப் படைப்பை அங்கே நிகழ்த்தியதைச் சொன்னார். மேல்மாடியில் ஒலிபெருக்கி பதித்த நாற்காலிகள் இருக்கின்றன, உட்கார்ந்தால் காதோடு ஹேண்டல் இசை கேட்கும். ஐயா அதில் உட்கார்ந்து கண்ணை மூடியிருக்கிறார் போலிருக்கிறது. தப்பில்லை. ஆனால் ஏறிப்போன வேகத்தில் கீழ்த்தளத்தைக் கோட்டை விட்டுவிட்டார்.

தாமஸ் கோரமை நானும் கும்பிடுகிறேன். கப்பல் தலைவராக இருந்தவர். லண்டன் தெருவோரத்தில் பச்சைக் குழந்தைகள் கிடந்து சாவதைக் கண்டு பொறுக்காமல் பதினேழு ஆண்டு அலைந்து, 1739-இல் இந்த இல்லம் தொடங்க அரச சாசனம் வாங்கினார். பெரிய மனிதர்கள் எல்லாம், 'இப்படி ஓர் இல்லம் வந்தால் ஒழுக்கம் கெட்டுவிடும்' என்று அவர் மனுவில் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். முதலில் துணிந்து கையெழுத்திட்டவர்கள் 21 பிரபு குலப் பெண்கள். அவ்வளவு பாடுபட்ட கோரமையும் சில ஆண்டுகளிலேயே நிர்வாகக் குழுவிலிருந்து ஓரங்கட்டினார்கள். காத்தவர்களின் கருணை தங்களுக்குள்ளேயே எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு இதுவே போதும், மேலே போகிறேன்.

1741 மார்ச் 25, இரவு எட்டு மணி. வாசல் விளக்கை அணைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். வருகிறவள் முகம் யாருக்கும் தெரியக் கூடாதாம். அந்த விளக்கை அணைத்தது கருணைதான், மறுக்கவில்லை. நள்ளிரவுக்குள் 30 குழந்தைகளோடு இடம் நிரம்பிவிட்டது. இடம் கிடைக்காமல் திரும்பியவர்கள் அழுத அழுகைக்கும், இடம் கிடைத்துப் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அழுத அழுகைக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்று இல்லத்தின் குறிப்பேடே பதிந்திருக்கிறது. நான் சொல்லவில்லை ஐயா, எதிரணியின் சாட்சி சொல்கிறார்.

கூட்டம் தாங்காமல் அடுத்த ஆண்டு குலுக்கல் வந்தது. தாய் ஒரு பைக்குள் கையை விட்டு ஒரு பந்தை எடுக்க வேண்டும். வெள்ளைப் பந்து வந்தால், குழந்தைக்கு நோய் இல்லாத பட்சத்தில் இடம் உண்டு. சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும், வெள்ளை எடுத்தவள் குழந்தை நோயென்று தள்ளப்பட்டால் இவளுக்கு வாய்ப்பு. கறுப்பு வந்தால் வந்த வழியே போக வேண்டியதுதான். இதை வேடிக்கை பார்க்கச் சீமாட்டிகள் விசிறியோடு வந்து நின்றார்கள், அந்தக் காலத்துப் படமே இருக்கிறது. பைக்குள் கையை விட்டு, எந்தப் பந்தும் விரலுக்கு ஒரே மாதிரி இருக்க, ஒரு கணம் தயங்கினாளே அவள், அந்தக் கணம் என்னை விட்டு இன்னும் போகவில்லை.

இனி கீழ்த்தளம். அங்கே ஒரு கண்ணாடிப் பேழை. கோட்டைக் கதவு போல ஏதோ பெரிதாக எதிர்பார்த்துப் போனவன் நான். உள்ளே பித்தான், மோதிரம், விரலுறை, பெயர் கீறிய தேய்ந்த காசு, ஓட்டை போட்ட ஒரு ஹேசல் கொட்டை ஓடு. கொட்டை ஓட்டைக் காட்டிக் கண்ணீர் விடச் சொல்கிறாயா என்று எதிரணி சிரிக்கலாம். அது அங்கே ஏன் வந்தது?

சேர்த்த குழந்தைக்குப் புதுப் பெயர் வைத்துவிடுவார்கள். தாய் வைத்த பெயர் அன்றோடு போயிற்று. என்றாவது கையில் நாலு காசு சேர்ந்து, பிள்ளையைத் திரும்பக் கேட்டு வந்தால், 'என் பிள்ளை இதுதான்' என்று எதைச் சொல்லி நிரூபிப்பாள்? அதற்காகக் கொடுத்த அடையாளம் இவை. ஒன்றுமில்லாதவள் குழந்தையின் சட்டையிலிருந்தே ஒரு துண்டை வெட்டிச் சேர்க்கைத் தாளோடு குத்திவிட்டுப் போனாள். அப்படிச் சேர்ந்த துணித் துண்டுகள் மட்டும் ஏறக்குறைய 5,000, இன்றும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆற்றில் பெட்டியை விட்ட குந்திக்காவது கர்ணனைக் கண்டுபிடிக்கக் கவசமும் குண்டலமும் இருந்தன. இவளுக்கு ஒரு கொட்டை ஓடு.

நடுவர் அவர்களே, திரும்பி வரப்போகிறேன் என்று அடையாளம் வைத்துவிட்டுப் போகிறவளைக் 'கைவிட்டவள்' என்று எப்படிச் சொல்வது? அடகுக் கடையில் நகையை வைத்தவளை நகையைத் தூக்கி எறிந்தவள் என்போமா?

திரும்பி வந்தார்களா என்று கேட்பீர்கள். 1741 முதல் 1760 வரை சேர்ந்த குழந்தைகள் 16,282. மீட்டுப் போனவர்கள் 152. 'பார்த்தீர்களா, மறந்துவிட்டார்கள்' என்று எதிரணி துள்ள வேண்டாம். 1756-இல் நாடாளுமன்றம் பணம் கொடுத்து, வருகிற குழந்தையை எல்லாம் சேர்க்கச் சொன்னது. குழந்தையை இட்டுப்போக வாசலில் கூடை தொங்கியது. நாலு ஆண்டுக்குள் ஏறத்தாழ 15,000 குழந்தைகள் வந்தன, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிழைக்கவில்லை. பணம் சேர்த்துக்கொண்டு வந்தவளுக்கு மீட்கப் பிள்ளை இருக்க வேண்டாமா?

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1860-களில் நிர்வாகத்தார் அந்த அடையாளங்களில் பலவற்றைத் தாள்களிலிருந்து பிரித்துக் காட்சிக்கு வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். எது எந்தக் குழந்தையினுடையது என்ற தொடர்பு அதோடு அறுந்தது. ஒரு நூற்றாண்டு பத்திரமாக இருந்த ஒரே முடிச்சை, காத்தவர்களின் கையே அவிழ்த்துவிட்டது.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு துணி, முடித்துவிடுகிறேன். 1767 பிப்ரவரியில் சார்லஸ் என்று ஒரு ஆண் குழந்தை வந்தது. கூடவே ஒட்டுப்போட்டுத் தைத்த சின்னத் துணி. சிவப்பு நூலில் ஒரு இதயம் பின்னி, அதைக் கத்தரியால் இரண்டாக வெட்டியிருந்தது. பாதி இல்லத்துக்கு, பாதி தாய் சாரா பெண்டருக்கு. இல்லத்தில் சார்லஸ், பெஞ்சமின் ட்விர்ல் ஆனான். எட்டு ஆண்டு. 1775 ஜூனில் அவள் வந்து நின்றாள், மகனை அழைத்துக்கொண்டு போனாள்.

அவள் எங்கே வேலை பார்த்தாள், எத்தனை வீடு மாறினாள், அந்தப் பாதித் துணியை எட்டு ஆண்டும் எந்தப் பெட்டியில், எந்தத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள் என்று எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது. இல்லம் வைத்திருந்த பாதி மட்டும் இன்னும் தாளோடு இருக்கிறது, வெட்டிய ஓரத்தில் நூல் பிரிந்து.

நன்றி, வணக்கம்.